வீட்டில் மூன்று கணினி, மூன்றிலும் தொல்லை: எதை முதலில் தொடுவது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிக்கொள்கிறேன். வீட்டில் மூன்று கணினிகள். பையன் ஏதோ ஒரு கேமில் குறுக்குவழியில் ஜெயிக்க ‘சீட்’ என்று ஒன்றை இறக்கிப் போட்டான். அன்றிலிருந்து அவன் லேப்டாப்பில் விளம்பரங்கள் தானாகத் திறக்கின்றன. ஸ்கேன் ஓட்டி நீக்கினீர்கள், இரண்டே நாளில் திரும்ப வந்துவிட்டது. எல்லோரும் பயன்படுத்தும் டெஸ்க்டாப்பில் எந்தப் பென்டிரைவைச் செருகினாலும் ஃபோல்டர்கள் ஷார்ட்கட்டாக மாறுகின்றன. உங்கள் மனைவியின் மெயிலிலிருந்து அவர் எழுதாத கடிதங்கள் வருவதாகத் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். அவருடைய லேப்டாப்பின் மூலையில் ‘5 வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது’ என்று வேறு அடிக்கடி எட்டிப் பார்க்கிறது. எல்லாவற்றையும் ஃபார்மட் அடித்துவிடலாமா, எந்த ஆன்டிவைரஸை வாங்கலாம் என்பது கேள்வி.

ஒரு லேப்டாப்பை ஃபார்மட் அடிக்கத்தான் வேண்டும். மற்ற இரண்டுக்கும் அநேகமாகத் தேவைப்படாது. ஆன்டிவைரஸ் எதையும் காசு கொடுத்து வாங்க வேண்டாம். ஆனால் இவை எல்லாமே அடுத்த கட்டம். இன்றைக்கே செய்ய வேண்டியது உங்கள் கைப்பேசியில் இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

ஒரே வைரஸ் மூன்றிலும் பரவிவிட்டதாக நினைக்கிறீர்கள். அறிகுறிகளைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவருக்கு விஷக்காய்ச்சல், ஒருவருக்குச் சொறி, இன்னொருவருக்கு ஒன்றுமே இல்லை, யாரோ பயமுறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். மூன்றுக்கும் ஒரே மருந்தைக் கொடுத்ததால்தான் எதுவும் கேட்கவில்லை.

விஷக்காய்ச்சல் பையனின் லேப்டாப்புக்கு. கேம் சீட், கிராக் செய்த (காசு கட்டாமல் ஓடும்படி பூட்டை உடைத்த) மென்பொருள், அதற்கான ஆக்டிவேட்டர் ஆகியவற்றோடு ஒட்டிக்கொண்டு வருபவற்றில் இன்று மிகவும் ஆபத்தானது திருடும் ரகம். ரெட்லைன், லூமா என்று பெயர்கள் அடிபட்டிருக்கும். ரெட்லைனின் சர்வர்களை 2024 அக்டோபரில் பல நாட்டுக் காவல்துறைகள் சேர்ந்து முடக்கின, லூமாவின் இணைய முகவரிகளை 2025 மே மாதம் கைப்பற்றினார்கள். ஆனாலும் அந்த வியாபாரம் நிற்கவில்லை. மாத வாடகைக்கு விடப்படும் சரக்கு அது. ஒரு கடை மூடினால் இன்னொன்று திறக்கும்.

இந்த ரகம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் நான் சொல்லும் வரிசை உங்களுக்குப் புரியும். பையன் அந்த ஃபைலை இரண்டு முறை தட்டுகிறான். ஒன்றும் திறக்கவில்லை, அல்லது ‘எரர்’ என்று ஒரு பெட்டி வருகிறது. அவன் சலித்துக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறான். அதற்குள் ப்ரவுசர் சேமித்து வைத்திருக்கும் பாஸ்வேர்டுகள், கார்டு விவரங்கள், குக்கீகள், டெஸ்க்டாப்பில் கிடக்கும் டெக்ஸ்ட் ஃபைல்கள், டெலிகிராம், டிஸ்கார்டு லாகின்கள் எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டு வெளியே போய்விடுகின்றன. ஒரு நிமிடம்கூட ஆகாது. சில ரகங்கள் வேலை முடிந்ததும் தம்மையே அழித்துக்கொள்ளும். ஸ்கேனில் எதுவும் சிக்கவில்லை என்று நிம்மதியாக இருக்க முடியாது. திருடிவிட்டுப் போயே போய்விட்டான் என்றும் அதற்கு அர்த்தம் இருக்கலாம். நீங்கள் பார்க்கும் விளம்பரங்கள் அதே பொட்டலத்தில் வந்த இன்னொரு சில்லறைச் சரக்கு. கண்ணுக்குத் தெரிவது அது, தெரியாதது மற்றது.

குக்கீ என்பதைப் பலர் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். நீங்கள் ஒரு தளத்தில் லாகின் ஆனதும் அது உங்கள் ப்ரவுசரிடம் ஒரு துண்டுச்சீட்டைக் கொடுத்துவைக்கிறது: இவரை விசாரித்தாயிற்று, மறுபடி கேட்க வேண்டாம் என்று. அந்தச் சீட்டை நகலெடுத்தவனுக்குப் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். நேராக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வான். ‘ஓடிபி போட்டிருந்தோமே, எப்படி நுழைந்தான்?’ என்று கேட்பவர்களுக்குப் பதில் பெரும்பாலும் இதுதான்.

இப்போது ஒன்றை யோசித்துப் பாருங்கள். பையனின் லேப்டாப்பில் உங்கள் மனைவி எப்போதாவது தன் மெயிலைத் திறந்தாரா? ஒரு படிவத்தை அனுப்ப, ஒரு பிரிண்ட் எடுக்க? ‘பாஸ்வேர்டைச் சேமிக்கவா?’ என்று அது கேட்டபோது ‘சரி’ என்று தட்டினாரா? என் ஊகம், தட்டியிருக்கிறார். அவருடைய கணினியில் எதுவும் ஏறாமலேயே கணக்கு மட்டும் போயிருக்கிறது.

ஆகவே கைப்பேசி. பையனின் லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிட்டு அதை ஓரமாக வையுங்கள். அதில் உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றாதீர்கள். திருடனைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு புதுப் பூட்டுக்குச் சாவி செய்வது போன்றது அது. நிறையப் பேர் செய்யும் தவறும் அதுதான்.

கைப்பேசியிலிருந்து முதலில் மெயில் கணக்கு. மற்ற எந்தக் கணக்கிலும் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்று தட்டினால் இணைப்பு வந்து விழும் இடம் அதுதான் என்பதால், வங்கியைவிடவும் அதற்கு முதலிடம். பாஸ்வேர்டை மாற்றுங்கள். பிறகு கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் எந்தெந்தக் கருவிகளில் லாகின் ஆகியிருக்கிறது என்ற பட்டியல் இருக்கும். கையில் இருக்கும் கைப்பேசியைத் தவிர எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். நகலெடுத்த துண்டுச்சீட்டு செல்லாமல் போவது இந்த இடத்தில்தான். மீட்பு எண்ணும் மீட்பு மெயிலும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். எந்தெந்தச் செயலிகளுக்கு அனுமதி கொடுத்திருக்கிறது என்றும் பாருங்கள்.

அடுத்தது பலரும் கோட்டை விடும் இடம். நுழைந்தவன் மெயிலில் ஃபார்வர்டு ஒன்றையோ ஃபில்டர் ஒன்றையோ போட்டுவிட்டுப் போயிருப்பான். வங்கியிலிருந்து வரும் கடிதத்தின் பிரதி ஒன்று அவனுக்குப் போகும், கடிதமோ உங்கள் இன்பாக்ஸில் தெரியாமல் குப்பைக்குப் போகும். ஜிமெயில் செயலியில் இந்த அமைப்புகள் தெரியாது. ப்ரவுசரில் முழுத் தளத்தைத் திறந்துதான் பார்க்க முடியும். பாஸ்வேர்டை மாற்றினாலும் ஃபில்டர் அப்படியேதான் இருக்கும்.

அதன் பிறகு வங்கி, பிறகு மற்றவை. எவை என்று நினைவிலிருந்து எழுத முயல வேண்டாம்; ப்ரவுசரின் சேமித்த பாஸ்வேர்டு பட்டியலையே திறந்து வரிசையாகப் போங்கள். திருடனுக்குக் கிடைத்ததும் அதே பட்டியல்தான். என் வீட்டில் ஒருமுறை இப்படித் திறந்தபோது நூற்றுக்கும் மேல் இருந்தன. அதில் பதினொன்றுக்கு ஒரே பாஸ்வேர்டு, சிலவற்றில் மட்டும் கடைசியில் ஒரு ஆச்சரியக்குறி கூடுதல். போட்டது நான்தான். அன்று மாலை முழுக்க அதிலேயே போனது. அதற்குப் பிறகுதான் பாஸ்வேர்டுகளைப் பூட்டிப் பாதுகாக்கும் பாஸ்வேர்டு மேனேஜர் ஒன்றுக்கு மாறினேன்.

இனி லேப்டாப். நீக்கியது ஏன் திரும்பி வந்தது என்று கேட்டிருந்தீர்கள். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் பாதுகாப்பு அமைப்புகளில் கீழே போனால் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். ஸ்கேன் தொடக்கூடாத இடங்கள் அவை. சாதாரண வீட்டுக் கணினியில் அது காலியாக இருக்க வேண்டும். பையனின் லேப்டாப்பில் அங்கே சி டிரைவ் முழுவதுமே இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். காவல்காரனிடம் ‘இந்த வீட்டுப் பக்கம் மட்டும் போகாதே’ என்று சொல்லி வைத்ததற்குச் சமம் அது. சீட் மென்பொருளோடு வரும் குறிப்பிலேயே ‘முதலில் ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள், இது தவறாக வைரஸ் என்று காட்டும்’ என்று எழுதியிருப்பார்கள். பையன் சொன்னபடி செய்திருப்பான்.

திரும்பி வர இன்னும் இரண்டு வழிகள் உண்டு. வேலைகளைத் தானாகத் தொடங்கி வைக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வேலையைப் பதிந்து வைத்தால், நீக்கிய பிறகும் குறித்த நேரத்தில் அது மறுபடி இறக்கிக்கொள்ளும். மற்றது, விளம்பரம் காட்டும் ப்ரவுசர் எக்ஸ்டென்ஷன், அதாவது ப்ரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் சிறு துணை மென்பொருள். நீங்கள் நீக்குவீர்கள்; எல்லாக் கருவியிலும் ஒரே அமைப்பை வைக்கும் கூகுள் கணக்கின் சிங்க் அதைப் பொறுப்பாகத் திரும்பக் கொண்டுவந்து வைக்கும். குரோம் மெனுவின் அடியில் ‘உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது’ என்ற வரி வீட்டுக் கணினியில் தெரிந்தால் விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் எதையோ ஆழமாக நட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். சில ஆன்டிவைரஸ்களும் அந்த வரியை வரவைக்கும் என்பதால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

ஒவ்வொன்றாகத் தேடிப் பிடுங்கலாம். எனக்கும் அந்த வேலை பிடிக்கும். ஆட்டோரன்ஸ் என்ற சிறு மென்பொருளைத் திறந்து, கணினி எழும்போது என்னென்ன எழுகின்றன என்று வரிவரியாகப் பார்ப்பதில் ஒரு துப்பறியும் சுகம் இருக்கிறது. ஆனால் எதையும் மாற்றக்கூடிய அட்மின் உரிமையோடு ஒருவன் உள்ளே வந்துபோன கணினியில் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டோம் என்று யாராலும் கையெழுத்துப் போட முடியாது. இதற்கு ஃபார்மட்தான்.

மனைவியின் லேப்டாப்பில் மைக்ரோசாஃப்டின் சொந்தத் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, குறைந்தது 8 ஜிபி உள்ள புதுப் பென்டிரைவில் விண்டோஸை ஏற்றுங்கள். டெஸ்க்டாப்பைத் தொட்ட பென்டிரைவ் எதுவும் வேண்டாம். பையனின் லேப்டாப்பிலிருந்து படங்கள், பாடக் குறிப்புகள், ஆவணங்கள் மட்டும் நகலெடுங்கள். இன்ஸ்டாலர்கள், ஜிப் ஃபைல்கள், கேம் மாட்கள் வேண்டாம். அவன் கெஞ்சினாலும் வேண்டாம். நிறுவும்போது அந்த டிஸ்க்கில் உள்ள எல்லாப் பார்ட்டிஷன்களையும் (சி, டி என்று பிரித்த பகுதிகளை) அழித்துவிட்டு வெற்று இடத்தில் நிறுவுங்கள். ‘டி டிரைவில் என் கேம்கள் இருக்கின்றன, அதை மட்டும் விடுங்கள்’ என்பான். வைரஸ் சி டிரைவில் மட்டும் குடியிருக்கும் என்று எந்த விதியும் இல்லை. விண்டோஸ் உரிமத்தின் ஆக்டிவேஷனைப் பற்றிக் கவலை வேண்டாம்; அதே கணினியில் முறையாக ஆக்டிவேட் ஆகியிருந்தால், அதே பதிப்பை நிறுவி இணையத்தில் இணைத்ததும் தானாகச் சரியாகிவிடும். இன்னும் விண்டோஸ் 10தான் ஓடுகிறது என்றால், அதற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. லேப்டாப் தாங்குமானால் 11ஐப் போட்டுவிடுங்கள். ப்ரவுசரில் லாகின் செய்த கையோடு எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறந்து, சிங்க் இழுத்து வந்தவற்றில் தெரியாததையெல்லாம் நீக்குங்கள்.

டெஸ்க்டாப்பின் சொறிக்கு வருவோம். இது பழைய காலத்து வியாதி. பென்டிரைவைச் செருகிய உடனே தானாக ஓடும் ஆட்டோரன் வசதியைப் பிடித்துக்கொண்டுதான் 2008இல் வந்த கான்ஃபிக்கர் போன்ற வைரஸ்கள் வீடு வீடாகப் போயின. 2011 பிப்ரவரியில் பழைய விண்டோஸ்களிலும் பென்டிரைவுக்கான அந்த வசதியை மைக்ரோசாஃப்ட் அப்டேட் மூலம் அடைத்தது. தானாக ஓட முடியாமல் போனதும் நம் விரலைக் கொண்டே ஓடும் தந்திரம் பெருகியது: உங்கள் ஃபோல்டரை மறைத்துவிட்டு, அதே பெயரில், அதே மஞ்சள் படத்தோடு ஒரு ஷார்ட்கட்டை வைப்பது. கூர்ந்து பார்த்தால் இடது கீழ் மூலையில் சின்ன அம்புக்குறி இருக்கும், அளவு ஒன்றிரண்டு கேபிதான் இருக்கும். வலது கிளிக்கில் ப்ராப்பர்ட்டீஸ் போய் ‘டார்கெட்’ கட்டத்தைப் பார்த்தால் சிஎம்டி, டபிள்யூஸ்கிரிப்ட் என்று கட்டளைகளை ஓட்டும் ஏதாவது ஒன்றின் பெயர் இருக்கும். தட்டினால் முதலில் வைரஸ் ஓடும்; அப்புறம் உங்கள் ஃபோல்டரையும் திறந்து காட்டிவிடும். அதனால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

உங்கள் ஃபைல்கள் போகவில்லை, ஒளிந்திருக்கின்றன. இதைத் தெரியாமல் ‘எல்லாம் போயிற்று’ என்று பென்டிரைவை ஃபார்மட் செய்து ஆண்டுக்கணக்கான படங்களை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் டெஸ்க்டாப்பைச் சுத்தம் செய்யுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியின் ஸ்கேன் ஆப்ஷன்களில் ‘மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்’ என்று இருக்கும். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும் முன்பே சுமார் கால் மணி நேரம் தேடும். வைரஸ் எழுந்து உட்காராத நேரத்தில் பிடிப்பதால் சாதாரண ஸ்கேனில் தப்புவதும் சிக்கும். இங்கும் எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலைப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள். பிறகு மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பையோ மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனரையோ இரண்டாவது கருத்துக்காக ஒருமுறை ஓட்டலாம். சேஃப்டி ஸ்கேனர் இறக்கிய 10 நாளில் காலாவதியாகிவிடும் என்பதால் சேமித்து வைத்துப் பயனில்லை.

அடுத்து, வீட்டில் இருக்கும் பென்டிரைவ், மெமரி கார்டு, வெளி ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் ஒரே மேசைக்குக் கொண்டுவாருங்கள். பள்ளிப் பையில் இருப்பதையும் சேர்த்து. ஒன்று விட்டுப்போனால் போதும், ஒரு வாரத்தில் பழைய கதைதான். ஒவ்வொன்றையும் செருகி, எதையும் தட்டாமல் ஸ்கேன் செய்து, எக்ஸ்ப்ளோரரில் மறைந்த ஃபைல்களையும் சிஸ்டம் ஃபைல்களையும் காட்டச் சொல்லுங்கள். உண்மையான ஃபோல்டர்கள் மங்கலாகத் தெரியும். சில ரகங்கள் எல்லாவற்றையும் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் தள்ளியிருக்கும். அதையும் திறந்து பாருங்கள். தேவையானதை வெளியே எடுத்துக்கொண்டு பென்டிரைவை ஃபார்மட் செய்யுங்கள்.

மனைவியின் லேப்டாப்பில் வரும் ‘5 வைரஸ்’ அறிவிப்பு அநேகமாக வெறும் பொய். ஏதோ ஒரு தளம் ‘நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அனுமதியைத் தட்டுங்கள்’ என்று கேட்டிருக்கும், அவர் தட்டியிருப்பார். அது ப்ரவுசர் அறிவிப்புக்கான அனுமதி. ப்ரவுசர் அமைப்புகளில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதிக்குப் போய் தெரியாத தளங்களை நீக்கினால் இரண்டு நிமிடத்தில் தொல்லை தீர்ந்தது. அந்த அறிவிப்பில் வரும் எண்ணை மட்டும் யாரும் அழைக்க வேண்டாம். மறுமுனையில் இருப்பவர் ரிமோட் மென்பொருள் போடச் சொல்வார், அதோடு நிஜமான பிரச்சினை ஆரம்பமாகும். நிம்மதிக்காக இந்த லேப்டாப்பிலும் ஒரு ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டிவிடுங்கள். விண்டோஸ் பென்டிரைவ் தயாரிக்கும் முன்பே ஓட்டிவிடுவது நல்லது.

ஆன்டிவைரஸ் ஏன் வாங்க வேண்டாம் என்றால், விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே வீட்டுக்குப் போதுமானது. இந்த வீட்டில் அது தோற்றதற்குக் காரணம் அதன் திறமைக் குறைவு இல்லை, அணைத்து வைக்கப்பட்டது. காசு கொடுத்து வாங்கியதையும் பையன் அதே போல அணைத்திருப்பான். அந்தப் பணத்துக்கு ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். மாதம் ஒருமுறை படங்களையும் ஆவணங்களையும் அதில் நகலெடுத்து, உடனே கழற்றி அலமாரியில் வையுங்கள். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரகத்துக்கு ரான்சம்வேர் என்று பெயர்; கிராக் மென்பொருள் வழியாகப் பரவிய ஸ்டாப் என்ற குடும்பம் அதில் ஒன்று. செருகியே கிடக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். அப்படி ஒன்று வந்தால் பணம் கட்டும் முன் ‘நோ மோர் ரான்சம்’ தளத்தைப் பாருங்கள். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் டச்சுக் காவல்துறையும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016இல் தொடங்கியது, பல ரகங்களுக்கு இலவசச் சாவி அங்கே கிடைக்கும். எல்லாவற்றுக்கும் கிடைக்காது.

ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டு வாங்கியபோது இருந்ததுதான் என்றால் அதையும் மாற்றிவிடுங்கள்.

பையனைப் பற்றி. திட்டியிருப்பீர்கள், புரிகிறது. என் அக்கா மகன் இதே போல ஒன்றில் மாட்டியபோது நானும் கத்தினேன். அடுத்த முறை மாட்டியபோது மூன்று வாரம் யாரிடமும் சொல்லாமல் மறைத்துவிட்டான். அதற்குள் அவனுடைய கேம் கணக்கோடு அக்காவின் மெயிலும் போயிருந்தது. முதல் மணி நேரத்தில் சொல்லியிருந்தால் ஒரு பாஸ்வேர்டு மாற்றத்தோடு முடிந்திருக்கும். அதனால் வீட்டில் ஒரே ஒரு ஒப்பந்தம் போதும்: தட்டிவிட்டால் உடனே சொல், திட்டு கிடையாது. கூடவே, அவனுக்கு ஸ்டாண்டர்டு கணக்கு மட்டும் கொடுங்கள். அட்மின் பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கட்டும். அப்படிச் செய்தால் டிஃபெண்டரை அவனால் அணைக்க முடியாது. திருடும் ரகத்தை இது முழுதாகத் தடுக்காது, ஏனென்றால் அவனுடைய ப்ரவுசரைப் படிக்க அதற்கு அட்மின் உரிமை வேண்டியதில்லை. ஆகவே மற்றவர்கள் அந்தக் கணக்கில் லாகின் ஆக வேண்டாம். அவரவர்க்கு அவரவர் கணக்கு.

அவனிடம் இரண்டு அடையாளங்களைச் சொல்லி வையுங்கள். பாஸ்வேர்டு போட்ட ஜிப் ஃபைல், பாஸ்வேர்டு பக்கத்திலேயே எழுதியிருக்கிறது: ஆன்டிவைரஸ் உள்ளே பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பூட்டு. மற்றது 2024 முதல் பெருகியிருக்கும் போலி ‘நான் ரோபோ இல்லை’ பக்கம்: விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்து, பிறகு ஒட்டு, பிறகு என்டர் தட்டு என்று சொல்லும். எந்த நிஜமான சோதனையும் அப்படிக் கேட்காது. நீங்கள் ஒட்டுவது அவர்கள் எழுதிய கட்டளை.

இவ்வளவும் செய்த பிறகும் மனைவியின் பெயரில் கடிதம் போனால் பதறாமல் அவருடைய ‘சென்ட்’ ஃபோல்டரையும் லாகின் பட்டியலையும் பாருங்கள். இரண்டிலும் ஒன்றும் இல்லையென்றால், கடிதம் கிடைத்தவர் ஒருவரிடம் அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் முழு முகவரியைப் படிக்கச் சொல்லுங்கள். பெயர் அவருடையதாகவும் முகவரி வேறாகவும் இருந்தால், ஏற்கெனவே திருடிய முகவரிப் புத்தகத்தை வைத்து வெளியிலிருந்து யாரோ அனுப்புகிறார்கள். அதை உங்கள் பக்கத்திலிருந்து நிறுத்த வழியில்லை. தெரிந்தவர்களிடம் ஒரு வரி சொல்லிவைத்தால் போதும். முகவரியும் அவருடையதேதான் என்றால் அதையும் போலியாகப் போட முடியும். அந்தக் கடிதம் எந்த வழியாக வந்தது என்று காட்டும் ‘ஒரிஜினல்’ விவரங்களை அப்படியே எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.